அனுமதிப் பத்திரமும் ஒரு சுவரே!

கொழும்பு மாநகரில் வீடு கட்டும் எம்மவர் பலரிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றி நிற்கின்றது. காணி எமது, பணம் எமது, அதில் எழுப்பும் வீட்டுக்கு மாநகர சபையின் வாசலில் போய் நிற்பானேன் என்பதே அந்த எண்ணம். கல்லுக்கும் சீமெந்துக்கும் கம்பிக்கும் இலட்சக்கணக்கில் செலவிடத் தயங்காதவர், வரைபடத்துக்கும் அனுமதிக்கும் கொடுக்கும் தொகையைத் தண்டம் என்று கருதுகின்றார். "முதலில் கட்டுவோம், பிறகு யாரையாவது பிடித்துச் சரிசெய்வோம்" என்கின்றார். இந்த மனப்போக்கு எம் மக்களுக்கு எத்துணைக் கேடு விளைக்கக் கூடியது என்பதை எடுத்துரைப்பது எமது கடமையாகும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழனுக்கு வீடு என்பது வெறும் தங்குமிடம் அன்று. செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் விளைவித்த யாழ்ப்பாணத்து விவசாயி, பிள்ளையின் படிப்பை எண்ணிச் சேர்த்த பணம் அதில் உண்டு. வன்னியில் வயல் விற்ற காசு உண்டு. கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் முப்பது ஆண்டு உழைத்த உத்தியோகத்தரின் சேமிப்பு உண்டு. கடல் கடந்து சென்ற பிள்ளைகளின் வியர்வையும் உண்டு. ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறை உழைப்பு, சில பேர்ச் நிலத்தின் மீது செங்குத்தாக எழுந்து நிற்கின்றது.

அந்த உழைப்பு ஒரு நாளில் சாம்பலாகக் கூடும் என்பதை 1983-ஆம் ஆண்டு ஆடி மாதம் எமக்குக் காட்டிற்று. அப்பொழுது சேதமடைந்த சொத்துக்களை அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் அரசாங்கம் தன்வசம் எடுத்துக் கொண்டது. சொந்த வீட்டை மீளப் பெறுவதற்கு உரிமையாளரே விண்ணப்பிக்க வேண்டிய நிலை உண்டாயிற்று. கூரை எரிந்து, கதவு எரிந்து, சுவரும் சரிந்த பின்னர், "இது என் வீடு; இத்தனை அறைகளோடு இங்கே நின்றது" என்று சொல்வதற்கு எஞ்சுவது யாது? உறுதியும், நில அளவை வரைபடமும், சபை ஒப்பமிட்ட கட்டிட வரைபடமும் அன்றி வேறெதுவும் இல்லை. எனவேதான் சொல்கின்றோம்: அனுமதிப் பத்திரமும் வீட்டின் ஒரு சுவரே. அதுவே தீயில் வேகாத சுவர். ஆயின் அதன் பிரதியொன்றை வேறோர் ஊரிலும் வைத்திருத்தல் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1914-இல் கொழும்பிலே பிளேக் நோய் பரவிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புக்கள் எத்துணை ஆபத்தானவை என்பதை நகரம் உணர்ந்த காலம் அது. அடுத்த ஆண்டிலே, 1915-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அங்கீகரித்த வரைபடமின்றிக் கட்டிடம் எழுப்பலாகாது என்பதும், கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் பெறாமல் குடிபுகலாகாது என்பதும் அதன் விதிகள். 1978-ஆம் ஆண்டின் 41-ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையைத் தோற்றுவித்தது; அபிவிருத்தி அனுமதி என்னும் ஏற்பாடும் பின்னர் வந்த திருத்தத்தால் அதில் சேர்ந்தது. அனுமதியின்றி எழுந்த கட்டிடத்தை இடிப்பதற்கு நீதவான் நீதிமன்றக் கட்டளை பெறவும் அதிகாரிகளுக்கு வழி உண்டு.

"நாம் புதிதாகக் கட்டவில்லையே, திருத்தம்தானே செய்கின்றோம்" என்பாரும் உளர். இது பெருந்தவறு. வெளிச்சுவரில் கதவோ யன்னலோ திறத்தல், இரு சுவர்களுக்கு இடைப்பட்ட வெளியைக் கூரையிட்டு மூடுதல், ஒரு வீட்டை இரண்டு குடியிருப்பாகப் பிரித்தல் ஆகியவையும் சட்டத்தின் கண்ணில் கட்டிட மாற்றங்களே. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் வாடகைக்கு விடுவதற்காக நாளும் நடைபெறும் வேலைகள் இவைதாம். மேல்மாடியில் ஓர் அறை, பின்புறத்தில் ஒரு சமையலறை என்று சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்றால், ஈற்றில் வரைபடத்திலுள்ள வீடு ஒன்று, நிலத்தில் நிற்கும் வீடு மற்றொன்று ஆகிவிடும். அந்த வீட்டை ஈடு வைக்க வங்கிக்குப் போகும் நாளில், அல்லது மகளுக்குச் சீதனமாக எழுதும் நாளில், அந்த வேறுபாடு வெளிப்படும்.

சட்டத்துக்கு அஞ்சாதவர் உயிருக்காவது அஞ்ச வேண்டாமா? 2013 ஏப்ரல் 24-இல் வங்காளதேசத்தின் சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். அதன் மேல்மாடிகள் அனுமதியின்றி ஏற்றப்பட்டவை. 2017 மே 18-இல் எமது வெள்ளவத்தையிலேயே, சவோய் திரையரங்கின் அருகே, ஒரு பன்மாடிக் கட்டிடம் சரிந்து வீழ்ந்தது. உயிர்ச் சேதம் நேர்ந்தது, பலர் காயமுற்றனர்.

கடதாசி மட்டும் போதும் என்றும் நாம் கூறவில்லை. 2014 யூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் இடிந்து 61 உயிர்களைக் கொண்ட பதினொரு மாடிக் கட்டிடம் அனுமதி பெற்றிருந்ததே. பெற்ற அனுமதி தாங்காத தூண்களைத் தாங்கவைக்கவில்லை. ஆகவே பத்திரமும் வேண்டும். பத்திரத்துக்கு ஏற்ற பலமும் வேண்டும்.

வீடு கட்ட விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இது. முதலாவதாக, உறுதியில் உள்ள காணியும் நிலத்தில் உள்ள காணியும் ஒன்றா என்று நில அளவையாளரைக் கொண்டு பார்த்தல் வேண்டும். ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 25.3 சதுர மீற்றர். கொழும்பில் அரைப் பேர்ச் குறைந்தாலும் அது பெருந்தொகை. இரண்டாவதாக, வீதிக் கோட்டைப் பற்றி மாநகர சபையிடம் சான்றிதழ் பெறுதல் வேண்டும். நாளை வீதி அகலிக்கும்பொழுது முன் விறாந்தை போய்விடுமா என்பதை இன்றே அறியலாம். மூன்றாவதாக, கடற்கரையிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் வரை 1981-ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டத்துக்கு உட்பட்ட வலயமாகும். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கைகளில் கட்டுவோர் இதனை மறத்தலாகாது.

நான்காவதாக, தகைமை பெற்ற கட்டிடக் கலைஞரும் பொறியியலாளரும் வேண்டும். மேசன்மாரின் கைத்திறனை நாம் மதிக்கின்றோம். ஆயினும் இரண்டு மாடிக்கு இட்ட அத்திவாரம் நான்கு மாடியைத் தாங்குமா என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர் பொறியியலாளரே. ஐந்தாவதாக, கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளிற் பல பொதுச் சுவரை உடையவை. அடுத்த வீட்டாரை அழைத்து, இரு பக்கத்து வெடிப்புக்களையும் படம்பிடித்துத் திகதியிட்டுக் கையொப்பம் பெற்ற பின்னரே அத்திவாரம் தோண்டுக. அயலவரோடு வரும் வழக்கு, கட்டும் செலவையும் விழுங்கிவிடும். ஆறாவதாக, அனுமதிக்குக் காலவரை உண்டு. இடையில் மாற்றம் செய்வதாயின் திருத்திய வரைபடத்துக்கு மீண்டும் ஒப்புதல் பெறுதல் வேண்டும். முடிவிலே இணக்கச் சான்றிதழ். அது கிடைக்கும் வரை வீடு முடிந்ததாகக் கருதற்க.

தொடர்மாடியில் வீடு வாங்குவோர்க்கும் ஒரு சொல். 1973-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க மாடிமனை உடைமைச் சட்டத்தின் கீழ்க் கூட்டாதன வரைபடம் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். பதிவாகாவிடின் உங்கள் கையில் இருப்பது விற்பவரின் வாக்குறுதி மட்டுமே. ஊரிலிருந்து பணம் அனுப்பும் தகப்பன்மார், பளிங்குத் தரையைக் காட்டும் படங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்த வரைபடத்தின் பிரதியையே முதலிற் கேட்பாராக. அதனை நம்பிக்கையான ஒரு நொத்தாரிசிடமும் காட்டுவாராக.

இத்தனையும் மக்களுக்குச் சொன்னோம். ஆள்வோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மக்கள் குறுக்கு வழியை நாடுவதற்கு நேர்வழி நீண்டு கிடப்பதும் ஒரு காரணமே. விளங்காத மொழியில் ஒரு கடிதம் வந்தால், அதனை விளக்க வரும் தரகனே எசமானன் ஆகிவிடுகின்றான். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும், தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை எமக்கு உரிமை தருகின்றது. அவ்வுரிமை மறுக்கப்படின் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். விண்ணப்பம் எந்த மேசையில் உறங்குகின்றது என்று அறிய, 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைத் தெரிவித்தல் வேண்டும். இந்த வழிகள் இருக்கையில் கையூட்டுக் கொடுப்பது மதியீனம். 2023-ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி வாங்குவோனைப் போலவே கொடுப்போனும் குற்றவாளி. அன்றியும், கையூட்டால் வாங்கிய மௌனம் அந்த அதிகாரி மாற்றலாகும் நாள் வரைக்குமே செல்லும்.

கொழும்பில் தமிழ்ப் பொறியியலாளர்க்கும், கட்டிடக் கலைஞர்க்கும், சட்டத்தரணிகட்கும் பஞ்சமில்லை. அவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு, வெள்ளவத்தையில் ஓரிடத்திலும் கொட்டாஞ்சேனையில் ஓரிடத்திலும் அமர்ந்து, வரைபடம் வாசிக்கத் தெரியாத ஏழைக்கும் ஊரிலிருந்து வரும் விவசாயிக்கும் இலவசமாக ஆலோசனை வழங்குவார்களா? மேடைகளில் ஆயிரம் தீர்மானங்களை நிறைவேற்றுவதிலும் பார்க்க இது பயனுள்ள தமிழ்ப் பணியாகும் என்று நாம் உறுதியாக நம்புகின்றோம். முன்வருவோரை எமது மக்கள் வாழ்த்தி வரவேற்பர்.