முகஞ்சுளிப்போரிடம் ஒரு கேள்வி

ஸ்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மொதோவாரின் முதற்படம் பற்றி நோர்வூட்டில் நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். ‘பங்க் இசையும் போதையும் ஒழுக்கக்கேடுமான படத்தை முஸ்லிம் எழுத்தாளரொருவர் பேசலாமா?’ என ஒருவர் முகஞ்சுளித்தார்.

படத்தின் ஆபாசத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அது வந்த காலத்தைப் பாருங்கள். சர்வாதிகாரி பிராங்கோ இறந்தது 1975இல். ‘பெப்பி, லூசி, பொம்’ வெளிவந்தது 1980இல். வாயடைக்கப்பட்டிருந்த சமூகத்தின் பிள்ளைகள் மாட்ரிட்டில் எப்படித் திரிந்தார்கள் என்பதை, தொலைபேசி நிறுவன ஊழியரொருவர் 16 மி.மீ. கமராவில் பிடித்துவைத்தார். படத்தில் தொழில்நுட்பக் குறைகள் ஏராளம்; பாசாங்கு இல்லை.

நமது நாட்டில் தர்மசேன பத்திராஜவும் தமது முதற்படமான ‘அஹஸ் கவ்வ’வில் கொழும்பின் வேலையற்ற இளைஞர்களைக் காட்டினார். அது 1974, 1971 கிளர்ச்சி நசுக்கப்பட்டு மூன்றே ஆண்டுகள்.

நோர்வூட்டின் இளைஞர்களைக் காட்டியவர் யார்? கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் லயத்துப் பையனும், வாப்பாவின் கடையில் மனமின்றி அமர்ந்திருக்கும் நமது பையனும் சினிமாவில் இல்லை. காதலர் ஆடிப்பாடத் தேயிலைமலை மட்டும் வேண்டியிருக்கிறது. கொழுந்து பறிப்பவளை அலங்காரப் பொருளாக்கும் அந்தக் காட்சிக்கு எவரும் முகஞ்சுளிப்பதில்லையே, ஏன்?