ரேட்டிங் ஒன்பது என்றால் கணக்குக் கேட்கக் கூடாதா?

அமெரிக்காவில் நம் ஆட்கள் வீடு வாங்கும் கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதலில் பார்ப்பது சமையலறை இல்லை, தோட்டம் இல்லை, வாஸ்துகூட இல்லை. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். ரேட்டிங் பத்துக்கு எட்டா ஒன்பதா, எத்தனை பிள்ளைகள் ஐவி லீக் போகிறார்கள், பக்கத்து வீட்டு அங்கிள் என்ன சொல்கிறார். அந்த எண்ணுக்காக அப்பா தினமும் மணிக்கணக்கில் ரயிலில் போய் வருவார். அம்மா முப்பது வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவார். சரி, குடிவந்த பிறகு அந்த டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட்டை வீட்டில் யாராவது ஒரு தடவை திறந்து பார்த்ததுண்டா? போர்டு மீட்டிங் எந்தக் கிழமை என்று தெரியுமா? போர்டில் இருக்கும் ஒருவரின் பெயராவது?

தெரியாது. கேட்டால் வரும் பதில்: "அதான் ஸ்கூல் நல்லா இருக்கே?"

எனக்குக் கோபம் இந்தப் பதில்மேல்தான். நல்ல ரிசல்ட் நல்ல நிர்வாகத்துக்குச் சான்று இல்லை. சில இடங்களில் கெட்ட நிர்வாகம் ஒளிந்துகொள்வதே நல்ல ரிசல்டுக்குப் பின்னால்தான். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ரோஸ்லின் என்று ஒரு சின்ன டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது. அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

1992 முதல் 2004 வரை அங்கே சூப்பரின்டென்டென்டாக இருந்தவர் ஃபிராங்க் டசோன். அவர் காலத்தில் ரோஸ்லின் பள்ளிகளுக்கு நல்ல பெயர். பிள்ளைகள் பெரிய பெரிய கல்லூரிகளுக்குப் போனார்கள், வீட்டு விலை ஏறியது, பெற்றோர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பண விவகாரம் அவருக்குக் கீழே இருந்த பமேலா கிளக்கின் என்ற உதவி சூப்பரின்டென்டென்டின் கையில்.

2002இல் ஹோம் டிப்போ கடையில்தான் முதல் முடிச்சு அவிழ்ந்தது. கிளக்கினின் மகன் டிஸ்ட்ரிக்ட் கிரெடிட் கார்டை வைத்துக் கட்டடச் சாமான்கள் வாங்கியது வெளியே வந்தது. நோண்டிப் பார்த்தால் சுமார் 2,50,000 டாலர் கணக்கில் இடித்தது. விஷயம் ஸ்கூல் போர்டுக்குப் போனது. போர்டு என்ன செய்திருக்க வேண்டும்? போலீசுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பணத்தைக் கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் பள்ளியின் பெயர் கெடும், பிள்ளைகளின் கல்லூரி அட்மிஷன் பாதிக்கும், வீட்டு விலை இறங்கும். அப்படி யோசித்துப் போர்டுக்கு நல்ல பிள்ளையாக அறிவுரை சொன்னவர் அதே டசோன்தான்.

நியூயார்க் மாநிலத்தில் பெரிய நகரங்கள் தவிர மற்ற டிஸ்ட்ரிக்டுகளில் ஒவ்வொரு மே மாதமும் பட்ஜெட் மக்கள் வாக்குக்கு வரும். 2003 மே மாதம் ரோஸ்லின் மக்கள் வாக்களிக்கப் போனபோது, தங்கள் வரிப்பணம் திருடுபோனது போர்டுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

2004 தொடக்கத்தில் ஒரு மொட்டைக் கடிதம் சுற்றத் தொடங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு முதலில் அச்சில் எழுதியது எந்தப் பெரிய பத்திரிகையும் இல்லை. ரோஸ்லின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நடத்தும் 'ஹில்டாப் பீக்கன்'. எழுதியவர் ரெபெக்கா ராம்பம் என்ற மாணவி. உங்கள் வயதுதான். கட்டுரையில் திருடியவரின் பெயர்கூட இல்லை. பணம் காணாமல் போனது, ஒரு அதிகாரி வெளியேறினார், ஊருக்குச் சொல்லப்படவில்லை. இவ்வளவுதான். ஆனால் அதுவரை வாய் திறக்காத ஊர் அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்கியது.

2005இல் மாநில கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் ஆடிட் வந்தது. திருடப்பட்டதும் முறைகேடாகச் செலவானதுமாக மொத்தம் 1 கோடியே 12 லட்சம் டாலர். இரண்டரை லட்சம் என்று மூடி மறைத்த கதை இது. அதில் டசோனின் பங்கே 20 லட்சம் டாலருக்கு மேல். போலீஸ் வேண்டாம் என்று சொன்னவர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. டசோனுக்கு 4 முதல் 12 வருடம், கிளக்கினுக்கு 3 முதல் 9 வருடம் சிறை. நியூயார்க் அரசியலமைப்பு அரசு ஊழியரின் பென்ஷனைப் பாதுகாத்ததால், டசோனுக்கு ஆண்டுக்கு 1,70,000 டாலருக்கு மேல் பென்ஷன் நிற்காமல் வந்தது. ஹ்யூ ஜாக்மேன் நடித்த 'பேட் எஜுகேஷன்' படம் இந்தக் கதைதான். அதற்குத் திரைக்கதை எழுதியவரும் ரோஸ்லினில் படித்தவர்.

படம் பார்த்துவிட்டு "எப்படி நடிச்சிருக்கான் பாரு" என்று எழுந்து போய்விடக் கூடாது. இத்தனை வருடம் இது எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். போர்டு உறுப்பினர்கள் சம்பளம் வாங்காமல் மாலை நேரத்தில் வந்து போகிற பெற்றோரும் ஊர்க்காரர்களும். அவர்கள் முன்னால் வைத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வருடா வருடம் வெளி ஆடிட்டர் வந்தார், எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஊர் கேட்கவில்லை. ரிசல்ட் நன்றாக இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்?

இப்போது அதே நாசோ கவுண்டியில், அதே லாங் ஐலண்டில் இருக்கும் இன்னொரு சின்ன டிஸ்ட்ரிக்டுக்கு வாருங்கள். ரூஸ்வெல்ட். மாணவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். ஊரில் பெரிய கடைகளோ நிறுவனங்களோ அதிகம் இல்லை, அதனால் வரி வருமானமும் குறைவு. மதிப்பெண் மோசம், நிர்வாகம் மோசம் என்று சொல்லி, மக்கள் தேர்ந்தெடுத்த போர்டையே மாநில அரசு கலைத்து, தான் நியமித்தவர்களை உட்கார வைத்தது. மாநிலத்தின் பிடி 2013 வரை விலகவில்லை. போர்டைக் கலைத்தது எந்த வருடம் தெரியுமா? 2002. ரோஸ்லின் போர்டு போலீசைக் கூப்பிட வேண்டாம் என்று முடிவெடுத்த அதே வருடம்.

ரூஸ்வெல்ட்டில் கோளாறே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருந்தது. ஆனால் ஒரு ஊரில் பிள்ளைகள் மதிப்பெண் குறைவாக வாங்கியதற்குப் பெற்றோரின் வாக்குக்கே மதிப்பில்லாமல் போனது. இன்னொரு ஊரில் ஒரு கோடி டாலர் போனபோதும் மரியாதை குறையவில்லை. ஏழை ஊர் என்றால் சந்தேகம், பணக்கார ஊர் என்றால் நம்பிக்கை. நம் பெற்றோர் வீடு தேடும்போது ரேட்டிங் எண்ணை வைத்து ஊர்களைப் பிரிப்பதும் இதே கண்ணால்தான்.

அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்றும் யோசியுங்கள். பெரும்பாலும் தேர்வு மதிப்பெண். தேர்வு மதிப்பெண் பெற்றோரின் படிப்போடும் வருமானத்தோடும் ஒட்டிக்கொண்டே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சனிக்கிழமை காலையில் நம்மைக் கணக்கு டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்களே, அந்தக் காசும் அந்த ஒன்பதுக்குள் இருக்கிறது. நாமே காசு கொடுத்து மதிப்பெண்ணை உயர்த்துகிறோம். பிறகு அந்த மதிப்பெண்ணைக் காட்டி டிஸ்ட்ரிக்ட் நம்மிடம் நற்சான்றிதழ் வாங்கிக்கொள்கிறது.

இதைச் சொன்னால் நம் பெரியவர்களிடமிருந்து மூன்று பதில் வரும்.

முதல் பதில்: "தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமலா இருப்பான்?" மன்னிக்கவும், இது பொதுப்பணம். இதே ஆட்கள்தான் ஊர் அரசியல்வாதி கமிஷன் வாங்கினால் வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாகத் திட்டுகிறார்கள். சென்னையில் நடந்தால் ஊழல், லாங் ஐலண்டில் நடந்தால் புறங்கையா? "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றும் நம் பாட்டிகள்தானே சொன்னார்கள்? அதை ஏன் மறந்துவிட்டோம்?

இரண்டாவது பதில்: "அதையெல்லாம் கவர்மென்ட் பார்த்துக்கும்." ரோஸ்லின் விவகாரத்துக்குப் பிறகு நியூயார்க் 2005இல் சட்டத்தை இறுக்கியது உண்மை. புதிதாக வரும் போர்டு உறுப்பினருக்கு நிதி மேற்பார்வையில் ஆறு மணி நேரப் பயிற்சி கட்டாயம். ஆடிட் கமிட்டி, உள் தணிக்கை எல்லாம் வந்தன. மாநிலத்தின் ஏறக்குறைய 700 டிஸ்ட்ரிக்டுகளையும் கம்ப்ட்ரோலர் ஆடிட் செய்ய வேண்டும் என்று உத்தரவானது. நல்லது. ஆனால் அந்த ரோஸ்லின் ஆடிட்டை வெளியிட்ட கம்ப்ட்ரோலர் ஆலன் ஹெவேசியே, பின்னால் மாநில பென்ஷன் நிதி ஊழலில் 2011இல் சிறைக்குப் போனார். மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் இதுதான். ஊர்க்காரன் கண் இல்லாமல் எந்தச் சட்டமும் தானாக வேலை செய்யாது.

மூன்றாவது பதில்தான் கஷ்டமானது: "நாம வந்தேறிகள், நமக்கெதுக்கு வம்பு?" எச்1பியில் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. பெரும்பாலான இடங்களில் பள்ளித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு இல்லாத அப்பாவும் அம்மாவும் ஆயிரக்கணக்கில் பள்ளி வரி கட்டிக்கொண்டே வாக்கில்லாமல் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

உங்களைக் குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே பிறந்தவர். 18 வயது ஆனதும், பல வீடுகளில் வாக்குரிமை உள்ள ஒரே ஆள் நீங்கள்தான். நியூயார்க்கில் குடியுரிமையும் அந்த டிஸ்ட்ரிக்டில் 30 நாள் வசித்திருப்பதும் இருந்தால் போதும். பள்ளித் தேர்தலுக்கு வருகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான், சில சமயம் ஒரு கல்யாண மண்டபக் கூட்டம்கூட இருக்காது. உங்கள் ஒரு வாக்குக்கு ஜனாதிபதித் தேர்தலில் இருப்பதைவிட இங்கே கனம் அதிகம். ஆனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஜனாதிபதித் தேர்தலுக்கு ஸ்டோரி போடுகிறீர்கள், பள்ளித் தேர்தல் நாள் தெரியாமல் தூங்குகிறீர்கள்.

18 ஆகவில்லையா? ரெபெக்கா ராம்பம் எழுதியபோது அவரும் பள்ளி மாணவிதான். போர்டு மீட்டிங்கில் போய் உட்கார வயதும் வேண்டாம், குடியுரிமையும் வேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நியூயார்க்கில் பட்ஜெட்டை நிர்வாகம், கல்வித் திட்டம், கட்டடம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நிர்வாகப் பகுதி போன வருடத்தைவிட எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். வெளி ஆடிட்டர் குறை சொல்லியிருந்தால், அதைச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். டிஸ்ட்ரிக்ட் கிரெடிட் கார்டு யார் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். கடிதம் கிடைத்த ஐந்து வேலை நாளுக்குள் அவர்கள் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் பள்ளியில் மாணவர் பத்திரிகை இருந்தால், அடுத்த இதழில் புரோம் உடையைப் பற்றிய கட்டுரையில் ஒரு பக்கம் குறைத்து இதைப் போடுங்கள்.

கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஒரு விஷயம் கிடைத்தது என்று சிலர் நினைப்பீர்கள். அதற்காகவாவது போங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ரோஸ்லினில் எல்லோரும் அட்மிஷனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர்தான் கணக்கை நினைத்தார்.

நியூயார்க்கில் வாக்களிப்பு மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. வேறு மாநிலம் என்றால் உங்கள் ஊர்த் தேதியை இன்றைக்கே பாருங்கள். பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேளுங்கள்: "நம்ம டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட் எவ்வளவுப்பா?"