தனிமை உடம்பையும் பாதிக்குமா?

வாட்ஸ்அப்பில் 10 குழுக்களில் இருக்கீங்க. ஆனால் மனசுவிட்டுப் பேச ஆளில்லையா? அதுதான் தனிமையுணர்வு. தனியாக இருப்பது வேறு, தனிமையாக உணர்வது வேறு.

உலகில் 6 பேரில் ஒருவருக்கு இந்த உணர்வு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் கூறியது.

உடம்புக்கு என்ன ஆகும்?

மனவுளைச்சல் நீடித்தால் தூக்கம் கெடும். ரத்த அழுத்தம் கூடும். நாளடைவில் இதய நோய், பக்கவாதம், நீரிழிவு ஆகியவற்றின் அபாயமும் அதிகரிக்கும்.

முதியோர் பிரச்சினையா?

அவர்களுக்கு மட்டுமல்ல. சிங்கப்பூரில் 21 முதல் 34 வயதுக்குட்பட்டோரே அதிகத் தனிமையை உணர்வதாகக் கொள்கை ஆய்வுக் கழகம் 2024இல் வெளியிட்ட கருத்தாய்வு காட்டியது. நேரில் பேசப் பலருக்குப் பதற்றமாம்.

என்ன செய்யலாம்?

குறுஞ்செய்தியில் தொடங்குங்க, அதோடு நிறுத்திடாதீங்க. "எப்படி இருக்க?" என்பதோடு "எப்போ சாப்பிடப் போலாம்?" என்றும் கேளுங்க.