சமையல் வீடியோ ஃப்ரீதான், மளிகை பில்?



பழனிசெட்டிபட்டியில எங்க வீட்டு அலமாரியில சியா விதை, ஆலிவ் ஆயில், ஓட்ஸ்னு வீடியோ பார்த்து வாங்கின சாமான் ஒரு வரிசைக்கு நிக்குது. போன மாசம் கூட்டிப் பார்த்தேன், 2,340 ரூபாய். பாதியைத் திறக்கவே இல்லை.

அதுகூடப் போகட்டும். "சர்க்கரையை விரட்டும்"னு ஒரு வீடியோ சொன்ன பொடியை வாங்கிட்டு, அம்மா டாக்டர் கொடுத்த மாத்திரையை ரெண்டு வாரம் நிறுத்திட்டாங்க. ரத்தப் பரிசோதனை எடுத்தப்போதான் எங்களுக்கே தெரிஞ்சது.

அதனால என் கருத்து இதுதான். ருசிக்கு யாரை வேணாலும் பாருங்க. புதுக்கோட்டை மாவட்டத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தாண்டினப்போ நானும் சந்தோஷப்பட்டேன். ஆனா உடம்புக்கு எது, எவ்வளவு என்பதை, உங்ககிட்ட எதையும் விற்காத இடத்துல கேளுங்க. முதலீட்டுக்கு நாம எப்பவும் சொல்ற அதே விதிதான்: சொல்றவருக்கு இதுல கமிஷன் இருக்கா?

அப்படி ஒரு இடம், ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2024-ல அவங்க வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி இணையத்துல இலவசம். 2,000 கலோரி தேவைப்படுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறி 400, எண்ணெய் 27 கிராம்னு கணக்கா இருக்கு. "இங்கிலீஷா இருக்கே"ன்னா, எண்ணைப் படிக்க இங்கிலீஷ் வேண்டாம். தமிழ்லயே வேணும்னா தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக இணையதளத்துல ஊட்டச்சத்துப் பகுதி இருக்கு.

இப்ப பர்ஸுக்கு வருவோம். 27 கிராம் எண்ணெய்னா நாலு பேருக்கு மாசம் சுமார் மூணரை லிட்டர். எங்க வீட்டுல ஆறு லிட்டர் ஓடிக்கிட்டு இருந்தது! லிட்டர் 150 ரூபாய்னு வச்சாலும் மாசம் 375, வருஷத்துக்கு 4,500 ரூபாய் மிச்சம். அதை நான் சேமிக்கச் சொல்லலை. பருப்புலயும் காய்லயும் போடுங்க. நம்ம வீடுகள்ல குறையிறது அதுதான்.

சியா விதை இல்லைன்னு கவலையும் வேண்டாம். 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. முருங்கைக்கீரை நம்ம கொல்லையிலேயே கிடக்கு. மத்த காய்க்கு தேனி உழவர் சந்தை பக்கம்தானே?

இந்த மாசம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. எண்ணெய் பாக்கெட்டை வெட்டுற அன்னைக்கு அதுமேல தேதியை எழுதி வைங்க. மாசக் கடைசியில எத்தனை லிட்டர்னு கமெண்ட்ல சொல்லுங்க.

சுகர், பிரஷர் மாத்திரையை மட்டும் எந்த வீடியோவுக்காகவும் நிறுத்தாதீங்க. நம்ம வீடியோவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.