திரை விழுந்த முகம்

நரை, திரை, மூப்பு என்று முதுமையின் அடையாளங்களை நம் முன்னோர் அடுக்கிக் கூறினர். கடலலைக்கும் திரை என்றே பெயர். மண்டைதீவுக் கரையில் வலை இழுக்கும் முதிய கடற்றொழிலாளரின் நெற்றியை நோக்குவோர்க்கு, அப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும்.

ஆயினும், முகச்சுருக்கம் முழுவதும் வயதின் வேலையன்று. ஐயமுள்ளோர் தம் புறங்கையையும் மேற்கையின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் வயது ஒன்றே. பட்ட வெயில்தான் வேறு.

வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள், தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்களைச் சிதைக்கின்றன. கடல்நீரும் அக்கதிர்களில் சிறு பங்கைத் திருப்பி வீசுகின்றது. புகைபிடித்தலும் இதே கேட்டை விளைவிக்கும்.

அகன்ற விளிம்புள்ள ஓலைத்தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை காப்பாகும். அவுஸ்திரேலியாவில் நாலரை ஆண்டுகள் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அக்களிம்பை நாள்தோறும் பூசியோரின் தோலில் மூப்புக் கூடியதாகத் தெரியவில்லை.

விழுந்துவிட்ட சுருக்கத்தை ஓரளவு குறைக்க, விற்றமின் ‘ஏ’ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினோயின் களிம்பு உண்டு. பலன் தெரியப் பல மாதங்கள் செல்லும். மருத்துவரைக் கேளாமல் பூசலாகாது. கருவுற்ற பெண்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

மாணவர்களே, சிறுவயதில் பட்ட வெயிலும் பிற்காலத்தில் கணக்குக் கேட்கும். தோணிக்குப் புறப்படும் தந்தைக்கு ஓர் ஓலைத்தொப்பியை எடுத்துக் கொடுங்கள். நீங்களும் ஒன்று அணியுங்கள்.