யார் அந்தச் சூசைராஜ்?



ஞாயிறு திருப்பலிக்கு வரும் நம் பிள்ளைகளின் முதுகைப் பார்த்தாலே உலகக் கால்பந்தாட்டத்தின் நிலவரம் விளங்கிவிடும். மெஸ்ஸி, ரொனால்டோ என்று எத்தனை பெயர்கள்! பனியன் நகரல்லவா, அச்சடிக்கும் பட்டறையில் கேட்ட பெயர் கிடைக்கும். மைக்கேல் சூசைராஜ் என்னும் பெயரை மட்டும் எந்த முதுகிலும் நான் கண்டதில்லை. "யார் சாமி அவர்?" என்றே பாடற்குழுத் தம்பி ஒருவனும் கேட்டான்.

குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையில் 1994-ஆம் ஆண்டு பிறந்தவர். நீரோடி முதல் இரையுமன்துறை வரை நெருங்கி நிற்கும் எட்டு மீனவ ஊர்களுள் அதுவும் ஒன்று. ஆழ்கடலில் சுறா பிடிக்கும் மக்கள். தமிழ் பேசினாலும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கரையேறினால் அவர்களுக்குக் கால்பந்துதான். தமிழக அணிக்கு அந்தச் சிறு கடலோரம் தந்த ஆட்டக்காரர்கள் பலர்.

2017-18 பருவத்தில் சூசைராஜ் சென்னை நகர அணிக்காக ஆடிய களம் எது தெரியுமா? கோவை நேரு விளையாட்டரங்கம்! நமக்கு எட்டிய தொலைவுதான். அப்பருவம் தொடங்கிய 2017 நவம்பரின் இறுதியில்தான் ஓக்கிப் புயல் அக்கடலோர மீனவர் பலரைப் பலிகொண்டது. ஓக்கிக்காக நாம் கண்ணீருடன் செபித்தோம். அக்கரையின் மகன் நம் அருகிலேயே ஆடிக்கொண்டிருந்ததை அறிந்தவர் எத்தனை பேர்?

பின்பு ஜாம்ஷெட்பூர், அதன்பின் கொல்கத்தா. 2020 நவம்பர் 20 அன்று, பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சிதைந்து களத்தைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்டார். அப்பருவம் முழுவதும் அவருக்கு ஆட்டமில்லை. பன்னிரண்டே நாள் கழித்து, சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் ஆஸ்திரேலியாவில் இந்தியக் கிரிக்கெட் அணியில் அறிமுகமானார். 2021 ஜனவரியில் ஊர் திரும்பியவரைக் குதிரை பூட்டிய சாரட்டில் ஏற்றி வரவேற்றார்கள். அந்த எளிய வீட்டுப் பிள்ளைக்கு அது முற்றிலும் தகும். நான் பொறாமை பேசவில்லை; இருவரும் உழைத்தே உயர்ந்தவர்கள். ஒருவர் பெயரை ஊரே அறிய, மற்றவர் பெயர் நம் காதில் விழாதது ஏன் என்பதே என் கேள்வி.

கிரிக்கெட் இருக்கும்வரை கால்பந்து எடுபடாது என்பார்கள். ஜப்பானிலும் பேஸ்பால்தான் கோலோச்சியது. 1993-இல் அங்கே தொழில்முறைக் கால்பந்துப் போட்டி தொடங்கியபோது ஒரு விதி வகுத்தார்கள்: அணிகள் கம்பெனியின் பெயரை விடுத்து ஊரின் பெயரைத் தாங்க வேண்டும். ஊரார் தம் பிள்ளைகளாகவே ஆட்டக்காரரைக் கொண்டாடலாயினர். 1998-இல் முதன்முறையாக உலகக்கோப்பையில் ஆடிய நாடு, 2022-இல் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றது.

இங்கோ பெயர் சென்னை, களம் கோவை. சென்னைக்காரருக்கு எட்டாத அணி. கோவைக்காரருக்குச் சொந்தமாகாத அணி. 2019 மார்ச் 9 அன்று கோவையிலேயே அவ்வணி தேசியப் பட்டம் வென்றது. 2020-21 பருவத்திற்குப் பின் அப்போட்டியில் அதன் பெயரே இல்லை.