துணியில் தங்கிய வீடு

தெய்வங்களும் வீடு மாறியிருக்கின்றன. 1323-ஆம் ஆண்டு தில்லிப் படை திருவரங்கத்தை நோக்கி வந்தபோது, பிள்ளை உலகாசிரியர் முதலான பெரியோர் உற்சவ மூர்த்தியை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டனர். முதிர்ந்த வயதில் அந்தப் பயணத்தை மேற்கொண்ட உலகாசிரியர், மதுரைக்கு அருகில் ஜோதிஷ்குடியில் திருநாடு அடைந்தார். பெருமாளோ மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராக எழுந்தருளியிருந்தார். திருமலையில் இன்றும் ரங்கநாயகர் மண்டபம் என்ற பெயர் அதற்குச் சான்றாக நிற்கிறது. 1371-ஆம் ஆண்டிலேயே அவர் அரங்கம் திரும்பினார். இடையே 48 ஆண்டுகள் கடந்துவிட்டன.

அந்த அரங்கனின் உத்தர வீதியில் ஒரு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லைக் கிணறு என்று நீளும் பழைய கட்டு. 20 வயதில் மருமகளாக அதனுள் நுழைந்த அம்மாளுக்கு இப்போது வயது 74. அவருடைய கணவர் சரித்திர ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், 81 வயது. இரண்டு ஆண்டுகளாக அவருக்கு மறதி. காலையில் அமுது செய்தது மாலையில் நினைவில் இருப்பதில்லை. ஒருநாள் சேவித்துவிட்டுத் திரும்பியவர், வழி தெரியாமல் சித்திரை வீதியில் வெகுநேரம் நின்றிருக்கிறார். பூக்கடைக்காரர் ஒருவர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டு வந்து விட்டார்.

செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து வந்த மகன், இனிப் பெற்றோரைத் தனியே விடுவதில்லை என்று முடிவு செய்தார். தை மாதம் வீட்டுக்கு விலை பேசியாயிற்று. சித்திரைத் தேர் கண்டபின், வைகாசியில் நல்ல நாள் பார்த்துப் புறப்படுவதென்று ஏற்பாடு. போய்ச் சேரவேண்டிய இடம் மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட குடியிருப்பு. நான்கு கட்டு வீட்டின் 54 ஆண்டுச் சாமான்கள் அதில் எப்படி அடங்கும்?

"சாமான் கட்டறதுக்குன்னே ஆட்கள் இருக்கா. ஒரே நாள்ல கட்டி லாரியில ஏத்திடுவா. நீ சிரமப்படாதேம்மா" என்றார் மகன்.

"கட்டறது அவா கட்டட்டும். எதுல கட்டறதுங்கறதை நான் பாத்துக்கறேன்" என்றார் அம்மாள்.

ரேழியின் ஓரத்தில், வெளிச்சம் விழும் ஜன்னலடியில் அவருடைய தையல் இயந்திரம் இருந்தது. திருமணமான இரண்டாம் ஆண்டில், மாதத் தவணையில் கணவர் வாங்கித் தந்தது. கால்மிதியும் இரும்புச் சட்டமும் கொண்டது. இயந்திரங்களைப் பற்றி மிகுந்த ஐயம் கொண்டிருந்த காந்தியடிகள், தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார் என்று சரித்திர ஆசிரியர் அந்நாளில் பெருமையோடு சொல்வார். உண்மைதான். 1924-இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் கேட்ட கேள்விக்குப் பதிலாகக் காந்தியடிகள் அவ்வாறு கூறினார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப் பொறாமல், அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். கேள்வி கேட்ட அந்த இளைஞரே பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் ஜி. ராமச்சந்திரன். இத்தனையையும் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னவருக்கு, இப்போது அந்தக் கதையும் நினைவில் இல்லை.

மாசி பிறந்ததும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதலில் பைகள். நைந்த போர்வைகளையும் ஜமக்காளங்களையும் வெட்டி, வாய்ப்புறம் நாடா கோத்து இழுக்கும்படி பெரிதும் சிறிதுமாகத் தைத்தார். தளிகைப் பாத்திரப் பைகளுக்குச் சிவப்பு நாடா, புத்தகங்களுக்குப் பச்சை, பூஜைப் பொருட்களுக்கு மஞ்சள். லாரியில் ஏற்றுபவர் எழுத்துப் படிக்க வேண்டியதில்லை. நாடாவின் நிறத்தைப் பார்த்து இன்ன அறையில் இறக்குவதென்று அறிந்துகொள்ளலாம். குத்துவிளக்குகளுக்கு இலவம்பஞ்சு வைத்த நீண்ட உறைகள். ஊறுகாய் ஜாடிகளுக்கு அடிப்புறம் தடித்த குல்லாய்கள்.

கோயிலாழ்வாருக்கு உரிய உறை மட்டும் புதுத் துணியில். பழந்துணி ஒரு நூலிழை கூட அதில் சேரக்கூடாது என்பதில் அம்மாள் உறுதியாக இருந்தார். நீராடி, மடி உடுத்தி, காலை வேளையில் மட்டுமே அதைத் தைத்தார். சாளக்கிராம மூர்த்திகளுக்குத் தனித்தனியே சிறு பைகள், புதிய திருவொற்றாடைகள் இரண்டு, அனைத்தையும் உள்ளடக்கிய பட்டுத் துணி உறை.

ஊசியில் நூல் கோப்பது கணவரின் பணி. 50 ஆண்டுகளுக்கு மேலாக அது அவருடைய பணிதான். நூல் நுனியை எச்சில் படுத்துவது அந்த வீட்டில் ஒருநாளும் நடந்ததில்லை. மெழுகுத் துண்டில் ஒருமுறை இழுத்து, இரு விரலால் முறுக்கி, ஊசிக்கண்ணை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நுழைப்பார். கிழமையை மறந்தவர், மகனுக்கு எத்தனை குழந்தைகள் என்பதை மறந்தவர், நூல் கோப்பதை மறக்கவில்லை. அந்த மூன்று மாதமும் அவர் இயந்திரத்தின் அருகிலேயே மோடாவில் அமர்ந்திருந்தார்.

பங்குனியில் மருமகள் உதவிக்கு வந்தார். பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியைத் திறந்ததும் அவருக்கு மலைப்பு ஏற்பட்டது. மாமியாரின் மாமியார் உடுத்திய சுங்குடிப் புடவைகள், மாமனாரின் பழைய பஞ்சகச்ச வேட்டிகள், குழந்தைகளின் தூளித் துணி; அவற்றினிடையே பூச்சி அண்டாமலிருக்க வசம்பும் வெட்டிவேரும்.

"அம்மா, அங்க நம்ம துணி வைக்கவே அலமாரி போறலை. கிழிஞ்ச புடவையெல்லாம் எதுக்கும்மா?" என்று தயங்கிக் கேட்டார்.

அவர் கேட்டதில் தவறு இல்லை. வேலைக்கும் போய், குழந்தைகளையும் பார்த்து, இரண்டு அறைகளுக்குள் இன்னும் இருவருக்கு இடம் காணவேண்டிய பொறுப்பு அவருடையது. அம்மாளும் அதை உணர்ந்திருந்தார்.

"பெட்டி வராது. இதுல எது வேணுமோ அது ஒரு போர்வையா வரும். அதுக்கு இடம் இருக்குமோல்லியோ?" என்றார்.

நல்ல பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு எஞ்சியதைப் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டார். மேலும் கீழும் சுங்குடி, நடுவே வேட்டித் துணி இரண்டு மடிப்பு. கூடத்தில் விரித்து, நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி முதலில் நீளநீளமாக இழையோட்டினார். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும். பிறகு நெருக்கமான ஓட்டுத்தையல், முழுவதும் கையால். நான்கு விளிம்புகளுக்கு மட்டும் இயந்திரம். ஓரத்துக்குப் பட்டையாக, தம் திருமணத்துக்குப் பின் முதல் தீபாவளிக்கு வாங்கிய புடவையின் அரக்குக் கரையை வைத்தார். மருமகளும் ஒரு மூலையில் அமர்ந்து இரண்டு வரிசை தைத்துப் பார்த்தார். அவருடைய தையல் கோணலாகவே ஓடியது. அம்மாள் அதைப் பிரிக்கவில்லை.

தையல் இயந்திரமே கடைசிச் சிக்கல். இரும்புச் சட்டத்தோடு அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதும், ஏற்றியபின் நிறுத்த இடம் தேடுவதும் நடவாத காரியம் என்று மகன் சொன்னபோது, அம்மாள் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. மறுநாள் அவரே பழுது பார்ப்பவரை வரவழைத்தார். இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றி, மரப்பெட்டியில் பொருத்தி, கையால் சுழற்றும் பிடி இணைக்கச் செய்தார். மிதியும் சட்டமும் எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போயின. பாதிக்கு மேல் போனாலும், தைக்கும் பாதி தம்மோடு வந்ததே என்று தேற்றிக்கொண்டார்.

வைகாசியில், குறித்த நாளில், விடிவதற்கு முன் திருவாராதனம் முடிந்தது. கோயிலாழ்வாரைப் பட்டு உறையில் எழுந்தருளப் பண்ணி மகன் மடியில் வைத்துக்கொண்டார். கார் கிளம்பும் முன் அம்மாள் முற்றத்தைப் பெருக்கிக் கோலமிட்டார். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி முழுவதும், எங்கே போகிறோம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டே வந்தார். புதிய இல்லத்தில் பெருமாளும் நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் முதலில் நுழைந்தன. பால் காய்ச்சினார்கள். நாடாக்களின் நிறம் பார்த்துப் பைகள் அந்தந்த அறையில் இறங்கின. ஒரு ஜாடி கூட உடையவில்லை.

உடைந்தது வேறு. அன்று அந்தி மயங்கியதும் பெரியவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"நாழியாயிடுத்து. ஆத்துக்குப் போகலாம், வா."

"இதுதான் நம்மாம்னா."

"இது யாராமோ. ரெங்கநாதன் கோபுரம் எங்க தெரியறது?"

மறதி உள்ளவர்களுக்கு அந்திப் பொழுதில் கலக்கம் மிகுவதுண்டு. இடம் மாறினால் அது இன்னும் கூடும். தினந்தோறும் மாலையில் செருப்பைத் தேடுவதும், கதவருகே நிற்பதும், சில நாள் கோபிப்பதும், சில நாள் கண் கலங்குவதும் வழக்கமாயின. மகன் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். வீடு விற்றதை நினைவூட்டியதும் பெரியவர் புதிதாகக் கேட்பவர்போல் துடித்துப் போனார். அதன்பின் அதை யாரும் சொல்லவில்லை.

அரங்கன் திரும்பியபோதும் அடையாளச் சிக்கல் ஒன்று நேர்ந்ததென்று கோயில் மரபு கூறும். அவர் இல்லாத காலத்தில் வேறொரு மூர்த்தி எழுந்தருளப் பண்ணப்பட்டிருந்தார். பழைய பெருமாள் இவர்தாம் என்று கண்டு சொல்லக்கூடியவர் யாரும் ஊரில் இல்லை. எஞ்சியிருந்தவர், பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைக்கும் கைங்கரியம் செய்த ஈரங்கொல்லி ஒருவர். அவருக்கோ பார்வை போய்விட்டது. இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவரிடம் அளித்தனர். அந்தத் துணியின் பழைய மணத்தை உணர்ந்த அவர், "இவரே நம்பெருமாள்" என்று கண்டு சொன்னார். அன்றுமுதல் அந்தத் திருநாமமே நிலைத்தது. கண்ணும் காலமும் கைவிட்ட இடத்தில், துணி அடையாளம் காட்டியது.

சென்னை வந்த ஒன்பதாம் நாள் மாலை. அம்மாள் கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தார். செருப்பை அணிந்துகொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்த மாமனாரை மருமகள் எவ்வளவோ சொல்லியும் அமர்த்த முடியவில்லை. என்ன தோன்றிற்றோ, உள்ளே போய் அந்தப் போர்வையை எடுத்து வந்து அவர் தோளில் போர்த்தினார். பெரியவரின் விரல்கள் கரையைத் தடவின. முகத்தருகே கொண்டு போய் முகர்ந்தார். வெட்டிவேர் மணம் இன்னும் அதில் இருந்தது.

"அம்மா புடவை" என்றார். சற்று நேரம் கழித்து, "செருப்போட உள்ள நிக்கறேனே" என்று தாமே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அமர்ந்தார்.

அம்மாள் திரும்பியபோது, மாமனாரின் அருகில் மருமகள் அமர்ந்திருந்தார். அவர் தைத்த கோணல் வரிசை பெரியவரின் முழங்காலின்மேல் கிடந்தது.

மறுவாரம், அந்த அறைக்கென்று வாங்கி மாட்டியிருந்த புதுத் திரைகளை மருமகளே கழற்றினார். "எஞ்சின சுங்குடித் துணி இருக்குமேம்மா, இந்த ஜன்னலுக்குப் போறுமா?" என்று கேட்டார். மரப்பெட்டியிலிருந்த இயந்திரம் அன்று முதன்முறையாக அந்த வீட்டில் சுழன்றது. கைப்பிடியைச் சுற்றியவர் மருமகள். துணியை நகர்த்தியவர் அம்மாள். நூல் கோத்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டார் என்று சொல்வதற்கில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இன்னும் செருப்பைத் தேடுகிறார். அப்போது யாரும் வாதிடுவதில்லை. போர்வையை எடுத்து வருகிறார்கள். அதைச் சோப்பில் துவைக்காமல், வெயிலில் உலர்த்தி, புது வெட்டிவேர் இட்டு மடித்து வைக்கும் பொறுப்பை மருமகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

முதியோரை அழைத்துக்கொண்டு குடிபெயரும் குடும்பங்கள் இன்று ஏராளம். லாரியில் இடம் இல்லையென்று பழந்துணியை முதலில் கழிப்பது எல்லோரும் செய்வதே. கழிப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை கேட்கலாம். ஒரு போர்வை, ஒரு தலையணை உறை, ஒரு திரை. கைப்பட்டதாக, பழகியதாக ஒன்று கூடவே போகட்டும். தைக்க மூன்று மாத அவகாசமும், ஊசியில் நூல் கோக்க ஒருவரும் இருந்தால் போதும். 48 ஆண்டுகள் ஊர் சுற்றித் தன் வீடு திரும்பிய நம்பெருமாள், இடம் மாறிச் செல்லும் எல்லா முதியோருக்கும் துணையிருப்பானாக.